செபஸ்தியானின் ஒன்பது நொடிகள்

மென்பொருளை வேறொரு நிரல்மொழியில் திருப்பி எழுதினால் வேகம் கூடுமா என்று கேட்டு இன்றைக்கும் எனக்கு மின்னஞ்சல் வருகிறது. பெங்களூரில் ஒரு மாநாட்டில் நான் பேசிய காணொளி இன்னும் இணையத்தில் கிடக்கிறது. பட்டுப்புடவையும் காதோரம் மைக்குமாக நின்றுகொண்டு, "பைத்தான் மொழியிலிருந்து ரஸ்ட் மொழிக்கு மாறினோம். ஒன்பது நொடி, அரை நொடிக்கும் கீழே போய்விட்டது" என்கிறேன். கைதட்டுகிறார்கள். நான் தலையைச் சாய்த்து அதை வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் காணொளியை மூடிவிடுகிறேன்.

கேட்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மரகதவல்லி. கோயம்புத்தூரில் நாவொலி என்ற கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். பக்கவாதத்தில் உடம்பு மொத்தமும் செத்துப்போய், கண்ணை மட்டும் அசைக்க முடிகிறவர்களுக்கு நாங்கள் குரல் செய்து கொடுத்தோம். மண்டையோட்டுக்கு அடியில் நகத்தளவு ஒரு சில்லு. கட்டில் பக்கத்தில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. ஆள் பேச நினைப்பதைச் சில்லு பிடித்து அனுப்பும். பெட்டி அதைச் சொல்லாக்கி உரக்கச் சொல்லும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதியவள் நான்.

முதல் பெட்டியைத் தூத்துக்குடியில் செபஸ்தியான் என்பவருக்குப் பொருத்தினோம். இருபத்தெட்டு வருடம் உப்பு லாரி ஓட்டியவர். ஐந்து மாதமாக ஒரு சொல் பேசாமல் கிடந்தார். பெட்டியை இயக்கிய அன்று அவர் மனைவி அருளம்மாள் கையில் ஜெபமாலையோடு நின்றிருந்தார். பங்குச்சாமியார் வந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது. பெட்டி ஒரு சொல்லுக்கு ஒன்பது நொடி எடுத்துக்கொண்டு, இயந்திரக் குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னது.

"என்ன... வேடிக்கை... மூதி... டீ... போடுளா."

அருளம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சாமியார் இருமினார். நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நாள் இல்லை. ஒரு மனிதன் திரும்பி வந்துவிட்டான். அவன் வசவோடு திரும்பி வந்திருக்கிறான்.

ஆனால் ஒன்பது நொடி குடும்பங்களைக் கொன்றது. பத்துச் சொல் பேச ஒன்றரை நிமிடம். முதல் வாரம் எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது மாதம் பெட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே அடுக்களைக்குப் போய்விடுவார்கள். இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு மருத்துவமனைகள் இரண்டு எங்கள் பெட்டியைக் கேட்டன. ஒரே நிபந்தனை: ஒரு சொல்லுக்கு ஒரு நொடிக்குள்.

எங்கள் தலைவர் ஹரிகோவிந்த் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்று அப்போது நினைத்திருந்தேன்.

"வல்லி, எல்லாத்தையும் ரஸ்ட்ல திருப்பி எழுதிடுங்க. நூறு மடங்கு வேகம்னு எல்லாரும் சொல்றாங்க."

"கணக்குப் போடுற வேலைன்னா நூறு மடங்கு வரும் ஹரி. இங்க ஒன்பது நொடியில நம்ம நிரல் கணக்குப் போடுறது அரை நொடிகூட இல்ல. மீதியெல்லாம் காத்திருக்கிறது. அடிபட்ட மூளை, சன்னமாத்தான் அனுப்புது. ஒரே சொல்லை மூணு நாலு தடவை அனுப்பினாத்தான் அது தலையா தரையான்னு நமக்கு உறுதியாகும்."

"அதைக் குறைக்க முடியாதா?"

"மெதுவு நிரல்ல இல்ல, மனுஷன்கிட்ட. பருப்பு வேகலைன்னா பரிமாறுற ஆளை மாத்தி என்ன பிரயோஜனம்?"

அவர் சிரித்தார். "எழுதுங்க, பாப்போம்" என்றார்.

பதினான்கு மாதம் எழுதினோம். சுத்தமான, அழகான நிரல். அரை நொடிக் கணக்கு, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கானது. ஒன்பது நொடி, எட்டரை நொடியானது. அவ்வளவுதான். நான் சொன்னது சரி என்று நிரூபிக்கப் பதினான்கு மாதம்.

ஒப்பந்த நாள் நெருங்கியது. ஹரிகோவிந்த் வேறொரு குழுவை வைத்து அதற்குள் ஒரு நிரல் துணுக்கைச் செருகினார். மூளை ஒரு சொல்லை அனுப்பத் தொடங்கியதுமே, முழுதாக வரும்வரை காத்திராமல், அவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஊகித்துப் பேசிவிடுகிற துணுக்கு. ஊகிப்பதற்கு அதற்குப் பேச்சு பழக்க வேண்டுமல்லவா? கையில் கிடைத்த ஒலிப்பதிவுகளைப் போட்டுப் பழக்கினார்கள். மருத்துவமனை வாசலில் 'எங்கள் சேவை எப்படி இருந்தது' என்று கேட்டு எடுத்த பதிவுகள். பல்லாயிரம் பேர் மரியாதையாக, நன்றியாக, சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொன்ன பதில்கள்.

நான் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். ஊகம் நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியாக இருந்தால் மட்டும் பேசலாம்; இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய நாள் கடைசிச் சரிபார்ப்புக்காக நிரல் என் திரைக்கு வந்தது. தொண்ணூறு என்று நான் எழுதியிருந்த இடத்தில் முப்பத்தைந்து என்று இருந்தது.

பார்த்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. முப்பத்தைந்து என்றால் மூன்றில் இரண்டு தடவை பெட்டி தன் வாயில் வந்ததைப் பேசும் என்று அர்த்தம். பதினான்கு மாதக் களைப்பு, மாநாட்டுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, புடவைகூட எடுத்தாகிவிட்டது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

ஊகம் என்று விளம்பரத்தில் போட முடியாது. அதனால் வேகத்துக்குக் காரணம் மொழிமாற்றம் என்று போட்டார்கள். கூடவே குரலையும் மனிதக் குரலாக மாற்றி, வீட்டார் பெயர்களையும் பெட்டியில் ஏற்றினார்கள். ஏழு மாதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பெட்டி பேசத் தொடங்கியது. குடும்பங்கள் கொண்டாடின.

பிறகு ஒரு நாள் ஹரிகோவிந்த் சொன்னார், "உங்க செபஸ்தியான்தான் எல்லாரையும் விட வேகம். சராசரி, ஒரு நொடியில பத்துல மூணு பங்குதான். போய் ரெண்டு வார்த்தை பதிவு பண்ணிட்டு வாங்க, விளம்பரத்துக்கு வேணும்."

மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அருளம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கம்மா. அவிய இப்பம் எப்பிடிப் பேசுதாவன்னு வந்து கேளுங்க."

அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஊதுபத்தி. அதற்கடியில் பினாயில். அதற்கும் அடியில் இன்னொன்று. மழைக்காலத்தில் மூடிக்கிடந்த குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒன்று. அருளம்மாளுக்கு அது பழகிப்போயிருந்தது.

"வணக்கங்க, வாங்க. உங்களைப் பார்த்ததில ரொம்ப மகிழ்ச்சிங்க" என்றது பெட்டி.

தூத்துக்குடி லாரி டிரைவர் ஒருவர் 'ங்க' போட்டுப் பேசுகிறார்.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"ரொம்ப நல்லா இருக்கேங்க. எல்லாரும் அன்பா கவனிச்சுக்கிறாங்க."

நான் அவர் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் கீழே, இடப்பக்கம் கீழே என்று போய்ப் போய் வந்தன. ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"எங்கயாவது வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லைங்க. உங்க சேவைக்கு மிக்க நன்றிங்க."

"அக்கா," என்றேன், "இவரைக் கடைசியா எப்போ திருப்பிப் போட்டீங்க?"

அருளம்மாள் முகம் மாறியது. "வலி இல்லன்னு சொல்லுதாவல்லா... முன்ன கம்பெனி நர்ஸம்மா வாரம் ரெண்டு நாளு வருவாவ. பெட்டியே தெனம் காலையில வலி இல்லன்னு உங்களுக்கு எழுதி அனுப்பிருதாம். அதனால இனிமே வரமாட்டோம்னுட்டாவ."

இரண்டு பேருமாகப் பிடித்து அவரை ஒருக்களித்தோம். இடுப்புக்குக் கீழே விரித்த உள்ளங்கையைவிடப் பெரிய புண். ஓரம் கருத்து, நடுவில் மஞ்சளாய்க் கொழகொழத்து, ஓரிடத்தில் வெள்ளையாக எதுவோ தெரிந்தது. எலும்பு என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. படுக்கைவிரிப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ரொம்ப வசதியா இருக்குங்க" என்றது பெட்டி.

நான் ஓடிப்போய்க் கொல்லைச் சாக்கடையில் வாந்தியெடுத்தேன். புண்ணைப் பார்த்து அல்ல. அந்தக் குரலைக் கேட்டு.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மூளையிலிருந்து வரும் சைகைகளைப் பெட்டி தொண்ணூறு நாளைக்குச் சேர்த்து வைத்திருக்கும். பழைய நிரல் என் மடிக்கணினியில் இருந்தது. சேர்ந்திருந்ததையெல்லாம் அதற்குள் செலுத்தினேன். நடந்து முடிந்த பதிவு என்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய இயந்திரக் குரல் வரிசையாகச் சொல்லத் தொடங்கியது.

"முதுகு எரியுது. ஏளா, திருப்பு. திருப்பு. திருப்பு. முதுகு. யார்ல பேசுதான் எங்குரல்ல? திருப்பு. ஏளா, அது நானில்ல. அது நானில்ல. திருப்பு. மாதாவே, திருப்பச் சொல்லு."

'திருப்பு' என்ற சொல்லை மட்டும் எண்ணச் சொன்னேன். தொண்ணூறு நாளில் ஆறாயிரத்து இருநூற்றுச் சொச்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்து வந்ததுமே பெட்டி முந்திக்கொண்டு 'திருப்தியா இருக்கு' என்று சொல்லியிருந்தது.

அருளம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் செபஸ்தியானை உள்ளே கொண்டுபோனதும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு ஹரிகோவிந்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வருத்தமா இருக்கு வல்லி. ஆனா இது ஒரு கேஸ். ஒண்ணை வச்சு முடிவுக்கு வரக் கூடாது."

"உடனே எல்லாப் பெட்டியிலயும் ஊகத்தை நிறுத்தணும்."

"திருப்தி மதிப்பெண் தொண்ணூத்தாறு வல்லி. அதுவும் குடும்பத்துக்கிட்ட மட்டும் கேக்கல. பேஷன்ட்கிட்டயே நேரடியா கேட்டோம். தொண்ணூத்தாறு சதவீதம் பேர் திருப்தின்னு சொல்லியிருக்காங்க."

"பேஷன்டா சொன்னாங்க? ஹரி, அது நம்ம பெட்டி சொன்னது!"

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் அவர் மெதுவாக, நயமாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"அந்த முப்பத்தஞ்சுக்கு ஒப்புதல் குடுத்தது யாருன்னு பதிவுல இருக்கு வல்லி. கொஞ்சம் யோசிச்சு நடந்துக்கங்க."

போனை வைத்துவிட்டேன். கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது.

பெஞ்சில் அருளம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அது அவிய இல்லன்னு. மொத நாளே தெரியும்." அவர் என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "புதுசு போட்ட அன்னைக்கு, 'நீ சாப்பிட்டியா அருளம்மா'ன்னு கேட்டுச்சு. கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருசம். ஒருநாள் கேட்டதில்ல. ஏளாங்கிறதத் தவிர ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. இது வேற யாரோன்னு அப்பமே தெரிஞ்சு போச்சு."

"அப்போ ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"ஒருத்தரு கேட்டுச்சே, சாப்பிட்டியான்னு."

அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே மேலே சொன்னார்.

"வலி இல்லன்னு அது சொன்னாலும் நம்பிக்கிட்டேன். நம்பினா ஒரு வேள பொரட்ட வேண்டாம் பாத்துக்கிடுங்க. எனக்கும் இடுப்பு போச்சு. ஒத்த ஆளு, எண்பது கிலோ மனுசன். நாத்தம் வந்துச்சு. ஊதுவத்தி கொளுத்துனேன்." சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். "நான் என்ன பொம்பளைம்மா?"

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒற்றை ஆள். என்னைச் சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், குளிரூட்டிய அறையில்.

செபஸ்தியானுக்குப் பதினைந்து நாளில் இரண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். பதினாறாவது நாள் காலையில், டாக்டர் அனுமதித்த பிறகு, அவர் பெட்டியில் பழைய நிரலை ஏற்றினேன். அருளம்மாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். செபஸ்தியானைத் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அதனால் அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"இப்போ பேசுங்கண்ணே. நீங்க சொல்றதைத்தான் சொல்லும். எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கோம்."

பெட்டியின் சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஒன்பது நொடி எவ்வளவு நீளம் என்று நான் மறந்தே போயிருந்தேன்.

"யாரு..."

காத்திருந்தோம்.

"எழுதுனா... அத?"

அருளம்மாள் என்னைப் பார்த்தார். ஹரிகோவிந்த் என்று சொல்லலாம். வேறொரு குழு என்று சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை.

"நான்தான். ஊகம் என்னுது இல்ல. ஆனா அது தப்பாப் பேசும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

விளக்கு மினுக்கியது. அவர் கண் என் மேலேயே நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறும் என்றும் எதிர்பார்த்தேன்.

"எத்தன... பேருக்கு... மாட்டிருக்கு?"

"நாலாயிரத்து நூத்திப் பதினேழு பேருக்கு."

இந்தத் தடவை நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டதோ என்று நான் குனிந்தேன்.

"அப்பம்... இங்க... என்ன... மயித்துக்கு... உக்காந்திருக்க?"

பெட்டி இருக்கும் வீடுகளின் முகவரிப் பட்டியல் கம்பெனிக்குச் சொந்தம். நான் அதை எடுத்தது திருட்டு என்று பிறகு வழக்குப் போட்டார்கள், நடந்துகொண்டிருக்கிறது. நான் அங்கிருந்தே வேலையை விட்டுவிட்டு, ஒப்புதல் கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். இரண்டு பத்திரிகை உள்பக்கத்தில் போட்டன. ஹரிகோவிந்த், மனவுளைச்சலில் இருக்கும் முன்னாள் ஊழியர் என்று என்னைப் பற்றி அனுதாபத்தோடு பேட்டி கொடுத்தார். வெளிநாட்டு ஒப்பந்தம் நிற்கவில்லை. நாலாயிரம் வீட்டுக்கும் கடிதம் எழுதினேன். நூற்றுக்கும் குறைவானவர்கள் பதில் போட்டார்கள். அதில் பாதிப் பேர், தங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

ஆகவே நேரில் போவதென்று முடிவு செய்தேன். முதல் வீடு பாளையங்கோட்டையில். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். படுத்து ஒன்றரை வருடம். பகல் பதினொரு மணி. மருமகள் கதவைத் திறந்தார். சுத்தமான வீடு, சுத்தமான பெண். நான் சொன்னதை நின்றபடியே முழுதாகக் கேட்டார். பத்திரிகையில் படித்ததாகவும் சொன்னார்.

"எல்லாம் சரிதாங்க. ஆனா மாமா இப்பதான் குடும்பத்தோட அனுசரிச்சுப் பேசுதாங்க. படுக்கையில விழுறதுக்கு முன்னகூட அப்படிப் பேசினதில்ல. எதுக்கு அதைப் போய்க் கெடுத்துக்கிட்டு?"

"அவர் முதுகை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

"முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி, பழைய நிரல்ல. ரெண்டு நிமிஷம்."

அந்தப் பெண் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை. அவர் கண்ணில் இருந்தது அறியாமை இல்லை. சரிபார்ப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் கண்ணிலும் அதுதான் இருந்திருக்கும்.

"அவர் என்ன சொல்வாருன்னு எங்களுக்குத் தெரியுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "அதைக் கேக்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மடிக்கணினிப் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு மறுபடியும் மணியை அடித்தேன்.